சைக்கிளில் போகும்போது கால் நனைகிறதா? ஈரம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்

மழைக்காலம் பிறந்துவிட்டால், என் சைக்கிள் திருத்தும் கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "தண்ணீர் புகாத சப்பாத்து எது நல்லது?" பதில் சொல்வதற்கு முன் நான் அவர்களுடைய முன்சக்கரத்தைப் பார்ப்பேன். பாதிப் பேருக்கு மட்காட்டின் நுனியில் இருக்க வேண்டிய ரப்பர் துண்டு இருக்காது. அதைப் போட்டுக் கொடுத்தாலே பலருக்குச் சப்பாத்து வாங்கும் செலவு மிச்சமாகிவிடும்.

மலையகத்தில் சைக்கிளில் போகிறவர்கள் யாழ்ப்பாணத்தைப் போல அதிகம் இல்லை. ஆனால் போகிறவர்களுக்கு மழை மட்டும் குறைவில்லை. ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பண்டாரவளை, பதுளை, பசறைப் பக்கத்தில் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை. இடையில் ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை எல்லோருக்கும் பொது. டிசம்பர், ஜனவரியில்தான் கால் ஈரம் உண்மையான தொல்லையாகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தூறலும் பனிமூட்டமும் சேர்ந்த காலைப் பொழுதில் ஈரக்காலோடு இறக்கத்தில் இறங்கினால், பத்து நிமிடத்தில் விரல்கள் உணர்ச்சியற்றுப் போகும்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

மழை விட்டு, வீதி மட்டும் ஈரமாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். காய்ந்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் பழைய பத்திரிகைத் தாளைச் சுற்றி இரண்டு ரப்பர் வளையங்களால் இறுக்குங்கள். அடிப்பகுதியை மூட வேண்டாம். பெடலில் கால் வழுக்கும். வலது காலில் தாளின் ஓரம் செயினில் சிக்காதபடி மடித்துவிடுங்கள். சமதரையில் அரைக் கிலோமீற்றர் போய் வந்து தாளைப் பாருங்கள்.

தாளின் உட்பக்கம், அதாவது சக்கரத்தைப் பார்த்த பக்கம், செம்மண் புள்ளிகளாக இருந்தால் தண்ணீரை அடிப்பது உங்கள் முன்சக்கரம். வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் மற்ற வாகனங்கள். தாள் காய்ந்திருக்கிறது, உள்ளே காலுறை மட்டும் நனைந்திருக்கிறது என்றால் ஈரம் அடியிலிருந்தோ உங்கள் காலிலிருந்தோ வருகிறது. மழை பெய்யும்போது மட்டும் நனைகிறது என்றால் மேலிருந்தும் முன்னிருந்தும் வரும் நீரைக் கவனிக்க வேண்டும். உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேரே போகலாம்.

மழை விட்ட பிறகும் நனைகிறது. உட்பக்கத்தில் செம்மண் புள்ளிகள்

இதுதான் அதிகம் வரும் கோளாறு. சரிசெய்யச் செலவு குறைந்ததும் இதுதான்.

முதலில் முன் மட்காட்டின் பின்நுனி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் முடிகிறது என்று பாருங்கள். ஒரு சாணுக்கு மேல் இருந்தால், டயர் கிளப்பும் நீர் அந்த இடைவெளியால் நேரே பெடலை நோக்கிப் பாயும். மட்காட் இருந்தும் கால் நனைவதற்குக் காரணம் இதுவே. பழைய லொறி டியூப்பில் ஒரு துண்டு வெட்டுங்கள். மேலே மட்காட்டின் அகலம், கீழே 12 முதல் 15 சென்ரிமீற்றர் அகலம். மட்காட்டின் நுனியில் இரண்டு துளை போட்டு, இரு புறமும் வாஷர் வைத்து போல்ட்டால் இறுக்குங்கள். வாஷர் இல்லாமல் இறுக்கினால் ஒரு மாதத்துக்குள் ரப்பர் கிழிந்துவிடும். போல்ட்டின் தலை டயர்ப் பக்கமும் நீண்ட முனை வெளிப்பக்கமும் இருக்க வேண்டும். தார் வீதியில் மட்டும் ஓடுகிறவர்களுக்கு ரப்பரின் கீழ்விளிம்பு தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் நிற்கலாம். தோட்டத்துக் கல் வீதியில் போகிறவர்கள் இன்னும் இரண்டு விரற்கடை உயர்த்திக்கொள்ளுங்கள்.

லொறி டியூப் கிடைக்காவிட்டால் ஐந்து லீற்றர் எண்ணெய்க் கேனின் பக்கச் சுவர் போதும். ஆனால் அது குளிரில் விறைத்து, கல் பட்டால் வெடிக்கிறது. நான் டியூப்பையே போடுகிறேன்.

ரப்பர் இருந்தும் நனைகிறது என்றால் மட்காட் வளைந்திருக்கிறதா என்று முன்னால் நின்று பாருங்கள். பஸ்ஸின் கூரையில் ஏற்றி இறக்கிய சைக்கிள்களில் மட்காட் கம்பி ஒரு பக்கம் மடங்கியிருக்கும். கையால் நிமிர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மட்காட்டே இல்லாத மலைச் சைக்கிள்களுக்கு, கேபிள் டையால் கட்டும் குட்டை மட்காட்கள் விற்கிறார்கள். அவை முகத்தைக் காப்பாற்றும், காலைக் காப்பாற்றாது. முழுநீள மட்காட்தான் வேண்டும். வாங்கும்போது டயருக்கும் மட்காட்டுக்கும் இடையே ஒரு விரல் தாராளமாக நுழைகிறதா என்று பாருங்கள். தோட்டப் பாதையின் களிமண் இறுகிய இடைவெளியில் அப்பிக்கொண்டு சக்கரத்தையே பிடித்து நிறுத்திவிடும். இன்னொன்றும் பார்க்க வேண்டும். பெடலில் காலை வைத்துக்கொண்டு ஹான்டிலை இரு பக்கமும் திருப்புங்கள். சப்பாத்தின் நுனி மட்காட்டில் இடித்தால் அந்த மட்காட் வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் மெதுவாகத் திரும்பும்போது அது ஆளை விழுத்திவிடும்.

கடைக்குக் கொண்டு போக வேண்டிய கட்டம்: மட்காட் கம்பி பூட்டும் துளை உடைந்திருந்தால், அல்லது சக்கரம் கோணி மட்காட்டில் உரசினால். கம்பிகளை இறுக்கிச் சக்கரத்தை நேராக்குவது பழகிய கைக்குரிய வேலை. வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

ஒரு கால் மட்டும் நனைகிறது

வலது கால் என்றால் உங்களை முந்திப் போகும் வாகனங்கள். நாம் இடது ஓரமாகப் போகிறோம். பஸ்ஸும் லொறியும் வலப்பக்கம் கடக்கின்றன. சைக்கிளில் எந்த மாற்றம் செய்தாலும் இந்த நீர் நிற்காது. வலது காலுக்கு மட்டும் உறை போடலாம். அதைவிட, தேங்கிய நீர் முன்னால் தெரிந்தால், பின்னால் வரும் வாகனம் கடந்து போகும்வரை பத்து மீற்றர் முன்னதாகவே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

இடது கால் என்றால் பாதை ஓரத்துப் புல்லும் கானும்தான். புல் நுனிகளில் நிற்கும் நீர் கணுக்காலில் விடாமல் தடவிக்கொண்டே வரும். வீதி ஓரத்திலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி ஓட்டினாலே குறைந்துவிடும். அப்படி ஓட்டுவது பாதுகாப்பும்கூட; கான் விளிம்பு உடைந்திருப்பது மழையில் தெரியாது.

முதலில் காலுறையின் மேல்விளிம்பு நனைகிறது, பிறகு பாதம்

சப்பாத்தைக் கழற்றிக் காலுறையைத் தடவிப் பாருங்கள். மேலே சொதசொதவென்றும் விரல் பக்கம் வெறும் ஈரமாகவும் இருந்தால், நீர் காலின் வழியே இறங்குகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சப்பாத்தும் இதைத் தடுக்காது. சொல்லப்போனால் தண்ணீர் புகாத சப்பாத்துக்குள் மேலிருந்து இறங்கிய தண்ணீர் வெளியே போகவும் வழி இல்லாமல் தேங்கி நிற்கும்.

காற்சட்டையைச் சப்பாத்துக்குள்ளோ இறப்பர் பூட்ஸுக்குள்ளோ செருகியிருக்கிறீர்களா? வெளியே எடுங்கள். துணி பூட்ஸின் வெளியே விழ வேண்டும். கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கு முழங்காலுக்குக் கீழே தொங்குவதைப் பாருங்கள். செடியிலிருந்து வழியும் நீர் அதன் மேலேயே ஓடித் தரையில் விழுகிறது. காலோடு ஒட்டி இறங்குவதில்லை. மழைக் காற்சட்டைக்கும் இதே விதிதான்: சப்பாத்தின் வாயை மூடிக்கொண்டு, அதற்கு வெளியே முடிய வேண்டும். உட்கார்ந்து பெடல் மிதிக்கும்போது காற்சட்டை மேலே ஏறும் என்பதையும் கணக்கில் எடுங்கள். நின்று பார்க்கும்போது சரியாக இருப்பது சைக்கிளில் நான்கு விரற்கடை குட்டையாகிவிடும். வலது காலில் மட்டும், கணுக்காலுக்கு மேலே ஒரு வளையம் போட்டுச் செயினில் சிக்காமல் இறுக்குங்கள்.

காலுறை சப்பாத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறதா? பருத்திக் காலுறை என்றால், மேல்விளிம்பில் பட்ட நீரைக் கீழே வரை உறிஞ்சிக்கொண்டு போகும். மழைநாளில் குட்டைக் காலுறை போடுங்கள், அல்லது மழைக் காற்சட்டையால் முழுவதுமாக மூடுங்கள்.

மேற்கோட்டின் நீளத்தையும் பாருங்கள். தொடை நடுவில் முடியும் மழைக்கோட் தன் மேல் விழுந்த நீர் முழுவதையும் முழங்காலில் கொட்டும். கீழே மழைக் காற்சட்டை இல்லாமல் மழைக்கோட் மட்டும் போடுகிறவர்களுக்குக் கால் நனைவது நிச்சயம்.

மழை பெய்யும்போது விரல் பக்கம் முதலில் நனைகிறது

எதிர்மழை. ஓட்டச் சப்பாத்துகளின் விரல் பகுதி வலைத் துணியால் ஆனது. தண்ணீர் வடிகட்டி போல உள்ளே போகும்.

குறைந்த செலவில் செய்யக்கூடியது: மெல்லிய காலுறை, அதன் மேல் ஒரு பொலித்தீன் பை, அதன் மேல் தடித்த காலுறை, பிறகு சப்பாத்து. சப்பாத்து நனையும், கால் நனையாது. அரை மணி நேரப் பயணத்துக்கு இது போதும். அதற்கு மேல் போனால் வியர்வையால் நனையும். பையைச் சப்பாத்துக்கு வெளியே கட்டவே கூடாது. பெடலில் வழுக்குகிறது, இறக்கத்தில் கால் நழுவினால் விளைவு ஈரக்காலைவிட எவ்வளவோ மோசம்.

அடுத்தது, சப்பாத்துக்கு மேலே போடும் உறை. அடியில் ரப்பர் பிடிமானம் உள்ளதாகவும், கணுக்காலுக்கு மேலே இறுகுவதாகவும் பாருங்கள். தோல் சப்பாத்து வைத்திருப்பவர்கள் தையல் ஓரங்களில் தேன்மெழுகையோ சப்பாத்து மெழுகையோ தேய்த்து, கைச்சூட்டில் உருகவிட்டுத் துணியால் துடைத்தால் தூறலுக்குத் தாக்குப்பிடிக்கும். பெருமழைக்குத் தாங்காது.

இறப்பர் பூட்ஸ் மலிவு. எந்தத் தோட்டக் கடையிலும் கிடைக்கும். முன்னிருந்து வரும் நீரை முழுவதுமாகத் தடுக்கும். குறை என்னவென்றால் பாரம், வியர்வை, கணுக்கால் மடங்காமை. ஓரிரு கிலோமீற்றர் போகிறவர்களுக்கு இதையே சொல்வேன். ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போகிறவருக்குச் சொல்ல மாட்டேன்.

தண்ணீர் புகாத சவ்வு வைத்த சப்பாத்து கடைசி. விலை அதிகம். மேலே சொன்ன மட்காட் ரப்பரும் மழைக் காற்சட்டையும் இருந்தால்தான் அந்தப் பணத்துக்குப் பயன் உண்டு.

இன்னொரு வழியும் இருக்கிறது. பதுளை, எல்ல போன்ற தாழ்ந்த இடங்களில் நனைவதைத் தடுக்காமலே விட்டுவிடலாம். பின்பட்டி உள்ள செருப்பில் போங்கள். காலுறையையும் சப்பாத்தையும் பையில் பத்திரமாகக் கட்டி வைத்து, போன இடத்தில் துடைத்துவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பாடசாலை மாணவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதுதான். வெள்ளைச் சப்பாத்தை மழையில் போட்டுக்கொண்டு போய், நாள் முழுவதும் ஈரத்தோடு வகுப்பில் உட்காரவே கூடாது. பின்பட்டி இல்லாத செருப்பு பெடலுக்கு ஆகாது. 1,500 மீற்றருக்கு மேல் இந்த வழி பொருந்தாது, குளிர் விடாது.

தண்ணீர் அடியிலிருந்து வருகிறது

சோதனை: சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாளை அடைத்து, ஒரு பேசினில் இரண்டு விரற்கடை நீரில் ஐந்து நிமிடம் வையுங்கள். தாளில் எந்த இடம் முதலில் கறுக்கிறதோ அங்கேதான் ஓட்டை.

ஓரத்தில் என்றால் அடியும் மேற்பகுதியும் ஒட்டிய இடம் பிளந்திருக்கிறது. நன்றாகக் காயவைத்து, மண்ணைச் சுரண்டி, சப்பாத்துப் பசை போட்டு, இரவு முழுவதும் பாரத்தின் கீழே வையுங்கள். ஈரத்தின் மேல் போட்ட பசை ஒரு நாளும் நிற்காது. நடுவில் என்றால் பெடல் தேய்த்த வெடிப்பு. அதற்குச் சப்பாத்துத் தைப்பவரிடம் புதிய அடி போடுவதுதான் சரி. பெடலில் பூட்டும் சைக்கிள் சப்பாத்து என்றால் பூட்டு இரும்பின் திருகுத் துளைகள் வழியே நீர் ஏறும். உட்பக்கம் உள்மெத்தையைத் தூக்கி, துளைகளின் மேல் டியூப் ஒட்டுத் துண்டை ஒட்டிவிடுங்கள்.

குதிப் பக்கம் மட்டும், அதுவும் ஒரே சப்பாத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் சப்பாத்தை விடுங்கள், பிரேக்கைப் பாருங்கள். பிரேக் பிடிக்காததால் காலைத் தரையில் தேய்த்து நிறுத்துகிறீர்கள். பலர் இதைத் தாங்கள் செய்வதே தெரியாமல் செய்கிறார்கள். சக்கரத்தின் விளிம்பை (றிம்மை) ரப்பரால் பிடிக்கும் றிம் பிரேக் ஈரத்தில் பிடிக்க நேரம் எடுக்கும். இறக்கம் தொடங்கும் முன்பே மெல்லப் பிடித்துப் பிடித்து றிம்மைத் துடைத்துக்கொள்ள வேண்டும். பிரேக் ரப்பரின் வரிப் பள்ளங்கள் மறைந்திருந்தால், அல்லது லீவர் ஹான்டில் வரை வந்து ஒட்டினால், அன்றைக்கே கடைக்குக் கொண்டு வாருங்கள். தள்ளிக்கொண்டு வாருங்கள், ஓட்டிக்கொண்டு அல்ல.

மழை படவே இல்லை, ஆனாலும் உள்ளே ஈரம்

வியர்வை. நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது உடல் கொதிக்கும். மூடிய சப்பாத்துக்குள் நீர் சேரும். திரும்பி இறங்கும்போது அதே நீர் குளிர்ந்து காலை விறைக்கச் செய்யும். "என் சப்பாத்து ஒழுகுகிறது" என்று கொண்டு வந்து காட்டும் சப்பாத்துகளில் சில ஒழுகுவதே இல்லை.

உறுதி செய்ய, ஒரு காலில் மட்டும் காலுறைக்கு மேலே பொலித்தீன் பை போட்டு ஏறுங்கள். பை போட்ட காலும் நனைந்தால் வியர்வைதான். ஏற்றத்தில் உறையைக் கழற்றி, நாடாவைத் தளர்த்திப் போங்கள். உச்சியில் காலுறையை மாற்றி, அதன் பிறகு உறையைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். கம்பளி கலந்த காலுறை ஈரத்திலும் சூட்டை வைத்திருக்கும், பருத்தி வைத்திருக்காது. ஒரு காய்ந்த காலுறையைப் பொலித்தீனில் சுற்றி எப்போதும் பையில் வையுங்கள்.

மறுநாள் காலையிலும் சப்பாத்து காயவில்லை

நாடாவை முழுவதும் அவிழ்த்து, நாக்கை வெளியே இழுத்து, உள்மெத்தையைத் தனியே எடுங்கள். மெத்தை உள்ளே இருக்கும்வரை சப்பாத்து காயாது. பத்திரிகைத் தாளைக் கசக்கி விரல் பக்கம் வரை அடையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அதை எடுத்துவிட்டுப் புதிய தாள், படுக்கும் முன் இன்னொரு முறை. முதல் தாள் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு இருக்கும். மூன்றாவது வெறுமனே சில்லென்றிருக்கும். தாளை மாற்றாமல் விட்டால் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்திருக்கும்.

விறகடுப்பின் மேலே தொங்கவிடுவது லயங்களில் வழக்கம். ஓர் ஆள் உயரத்தில், இளஞ்சூட்டில் என்றால் சரி. தணலுக்குப் பக்கத்தில் வைத்தால் பசை இளகி அடி பிரியும், தோல் வெடிக்கும். மூடுபனி நாட்களில் வெளியே கொடியில் போட்டால் இருந்ததைவிட அதிகம் நனையும்.

கால் வெளுத்து, மரத்து, அரித்து, அல்லது இரத்தம் கசிந்து

வெளுத்துச் சுருங்கிய கால் என்றால் காயவைத்து, விரல் இடுக்குகளைத் துடைத்து, காய்ந்த காலுறை போட்டால் சிறிது நேரத்தில் சரியாகிவிடும். மரத்துப்போன காலை நெருப்பில் காட்டக் கூடாது, சுடுநீரில் வைக்கவும் கூடாது. சூடு தெரியாமல் வெந்துவிடும். முழங்கையால் பார்த்து, இளஞ்சூடான நீர் மட்டும்.

விரல் இடுக்கில் அரிப்பும் தோலுரிவும் சேற்றுப்புண். பூஞ்சைக் களிம்பை மருந்துக் கடையில் கேட்டு வாங்கலாம். அரிப்பு நின்றவுடன் விட்டுவிடாமல், சொன்ன நாட்கள் வரை பூசுங்கள். ஈரச் சப்பாத்தையே மறுபடியும் போட்டால் களிம்பால் பயனில்லை.

அட்டை கடித்தால் பிடுங்கி இழுக்காமல், அதன் வாய்ப் பக்கம் நகத்தைச் செருகி நகர்த்துங்கள். அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாது. அதனால் நெடுநேரம் கசியும், பயப்பட வேண்டியதில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

கீழே உள்ளவை வைத்தியரிடம் போக வேண்டியவை. கால் காய்ந்து சூடேறி ஒரு மணி நேரமாகியும் உணர்ச்சி திரும்பாவிட்டால். தோல் நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால், கொப்புளம் கண்டால். சிவப்பும் வீக்கமும் கணுக்காலுக்கு மேலே ஏறினால். அட்டை கடித்த இடத்தில் இரத்தம் பல மணி நேரமாகியும் நிற்காவிட்டால். நீரிழிவு உள்ளவர்கள் காலில் ஒரு சிறு புண் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். வெள்ள நீரிலோ சேற்றிலோ கால் வைத்த பிறகு, சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ காய்ச்சலும் கெண்டைக்கால் தசை வலியும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குப் போய், தண்ணீரில் இறங்கியதையும் காலில் வெட்டுக்காயம் இருந்தால் அதையும் வைத்தியரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள்.